சற்குணத்துக்கு மதிப்பெண் குறைய வேண்டும்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. பாளையங்கோட்டையில் விடியற்காலை முதல் தூறல், காற்று இல்லை, ஒன்பதரை மணி ஆகியும் வானம் வெளுக்கவில்லை.

கூடத்து விளக்கைப் போடுவதா வேண்டாமா என்பதிலேயே என் மனம் இவ்வளவு நேரமாக நிற்கிறது. போட்டால், சற்குணத்தின் தாடையில் நான் சவரம் செய்தபோது கீறிய இடம் தெரியும். போடாவிட்டால் வீடு இருண்டு கிடக்கிறது, இந்த வீட்டில் எதையும் கவனிக்க ஆளில்லை என்று வருகிறவர் நினைப்பார். நினைக்கட்டுமே, நினைத்தால் நல்லதுதானே என்று ஒரு குரல் உள்ளே சொல்கிறது. அது எதிர்வீட்டுக் கோமதிநாயகம் அண்ணாச்சியின் குரல். அதற்கு நான் இடம் கொடுக்கமாட்டேன். விளக்கைப் போடுகிறேன். சற்குணம் முதுகை நிமிர்த்தி நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். என் தம்பிக்கு ஐம்பத்து நான்கு வயது. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டாயிற்று, ஈரத்தலையில் நேர்வகிடு, மடியின்மேல் இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று. கைகளை அப்படி வைக்கச் சொன்னது நான். வைத்த கை வைத்தபடி இருக்கிறது. கண்கள் மட்டும் சன்னலில் வழியும் தண்ணீரோடு கீழே இறங்குகின்றன, மீண்டும் மேலே ஏறுகின்றன. "அக்கா, அந்த டீச்சர் எப்ப வருவா?" என்கிறான். "வருவாங்கன்னு சொல்லணும்" என்கிறேன். "எப்ப வருவாங்க?" என்று திருத்திக்கொள்கிறான். அவனுக்கு வீட்டுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் டீச்சர்தான். நானும் டீச்சர், என்னைப் பார்க்க வந்தவர்களும் டீச்சர்கள்; வேறு விதமான பெண்களை அவன் அதிகம் பார்த்ததில்லை. வரப்போகிறவர் டீச்சர் அல்லர். சமூகநலத் துறையின் மதிப்பீட்டாளர். அந்தச் சொல்லை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மதிப்பிடுவது என்பது என் தொழிலாயிருந்தது. விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வந்த நாள்களில் சற்குணம் அருகில் அமர்ந்து சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டிருப்பான். சரி என்று நான் போடும்போதெல்லாம் கைதட்டுவான். இன்றைக்கு அவனை ஒருவர் மதிப்பிட வருகிறார், நான் அருகில் அமர்ந்திருக்கப் போகிறேன். அதில் ஒரு விதி தலைகீழாய் இருக்கிறது, அதுதான் பத்து நாள்களாக என் நெஞ்சில் சிக்கிக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறது: இந்தத் தேர்வில் எவ்வளவு குறைவாக வாங்குகிறோமோ அவ்வளவு உதவி. அவனால் முடிகிறது என்று எழுதினால் ஆள் கிடைக்காது. முடியவில்லை என்று எழுதினால் அரசே ஒரு பராமரிப்பாளரை வீட்டுக்கு அனுப்பும், சம்பளத்தை அரசே கொடுக்கும். இதுவரை அப்படியில்லை. மாதத்துக்கு ஒரு சிறு தொகை. அதுவும் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துத்தான். சற்குணத்துக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் அவனுடைய குடும்பம் நான், எனக்கு ஓய்வூதியம் வருகிறது. ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் என் ஓய்வூதியத்தைக் கேட்டார்கள்; அவனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையைச் சொன்னால் ஒரு பெருமிதம் கூட வந்தது: நாங்கள் கையேந்தும் நிலையில் இல்லை. இந்த ஆண்டு விதியை மாற்றிவிட்டார்கள். அக்காவின் வருமானம் கணக்கில் வராது, அவருக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். அவருக்கு. அந்தச் சொல்லில் நான் நெடுநேரம் நின்றேன். ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் சற்குணத்தை யாரும் 'அவர்' என்று எழுதியதை நான் பார்த்ததில்லை. தெருவில் இன்னும் அவன் 'டீச்சர் வீட்டுப் பிள்ளை'. தலை பாதி நரைத்த பிள்ளை.

கோமதிநாயகம் அண்ணாச்சி எதிர்வீடு. கருவூலத்தில் கண்காணிப்பாளராயிருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் என் வீட்டு நாளிதழை என்னைவிட முன்னால் படிப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்து, வாசலில் நின்றபடியே, குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், நான் ஒரு விஷயம் சொல்லுதேன், கோவப்படக் கூடாது. அன்னைக்கு அவனக் குளிப்பாட்டாதிய. சவரமும் வேண்டாம். பழைய கைலியக் கட்டி ஒரு மூலையில உக்கார வச்சிருங்க. வாய்ல ரெண்டு பருக்கை ஒட்டியிருந்தாலும் தப்பில்ல." நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். "நீங்க எதுக்கு அப்படிப் பாக்குதியன்னு தெரியுது. ஆனா நான் பத்துப் பன்னெண்டு பேரப் பாத்துட்டேன். வீடு சுத்தமா இருந்தா, இவங்களுக்கு எதுக்கு ஆளுன்னு எழுதிட்டுப் போயிருவாங்க." "அண்ணாச்சி, அவன் காட்சிப் பொருள் இல்ல" என்றேன். "சரி, உங்க இஷ்டம். பேப்பர் வந்தாச்சா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவர் போனபின் நான் செய்ததுதான் இப்போது என் எதிரில் வெள்ளைச் சட்டையில் அமர்ந்திருக்கிறது. வீம்பு. ஆய்வாளர் பள்ளிக்கு வரும் நாளில் எந்த ஆசிரியரும் புதிய பாடம் நடத்துவதில்லை. முன்பே நடத்தி முடித்த பாடத்தைப் புதிது போல நடத்துவோம், பிள்ளைகளும் அதை முதன்முறை கேட்பது போல வாயைத் திறந்துகொண்டு கேட்பார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காத ஒப்பந்தம் அது. அதேபோலத்தான் சற்குணத்துக்கு வினாவும் விடையும் வரிசையாய்ப் பயிற்றுவித்தேன்: பெயர், வயது, தெரு, ஊர், கிழமை. நேற்று மாலை ஒத்திகையில், கிழமையைக் கேட்டபோது, அவன் உடனே சொல்லவில்லை. மோவாயில் விரலை வைத்து, கூரையைப் பார்த்து, யோசிப்பது போல யோசித்து, பிறகு "செவ்வாய்க்கிழமை" என்றான். நேற்றுத் திங்கள்கிழமை. இன்றைக்குரிய விடையைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவனுக்கு விளங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு உள்ளே எங்கோ ஒரு படி தவறியது போலவும் இருந்தது. நின்று பார்க்காமல் இட்லிக்கு மாவை எடுத்து வைக்கப் போய்விட்டேன்.

குளியலறைக் கதவு சற்றே திறந்திருக்கிறது. எழுந்து போய்ச் சாத்துகிறேன். தரை காய்ந்துதான் இருக்கிறது. அந்த அறையைப் பற்றி இப்போது நினைக்க வேண்டியதில்லை. முழங்கால் மழைக்குக் கனக்கிறது, மருத்துவர் இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார், மாற்றினால் ஆறு வாரமாவது நான் படுக்கையில். அந்த ஆறு வாரம் சற்குணத்துக்கு யார்? அறுவையைத் தள்ளிக்கொண்டே வருகிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை ரத்தினம், "இல்லத்துல சேர்த்துரு அக்கா, நீயும் ஓய்வா இருக்கலாமே" என்கிறாள். அவள் கெட்டவள் அல்லள், தொலைவில் இருப்பவள், அவ்வளவுதான். அவள் சொன்ன இல்லத்தை நான் போய்ப் பார்த்தேன். சுத்தமாயிருந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டார்கள்; ஏனென்று கேட்டேன், சமையல் செய்பவருக்குக் கடைசிப் பேருந்து ஐந்தரைக்கு என்றார்கள். வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே முப்பது பேர் பாயை விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவர் மட்டும் சன்னல் அருகே நின்று, பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்து, "விடிஞ்சிருச்சா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பிறகு சற்குணம் அங்கே நிற்பான், விடிந்துவிட்டதா என்று யாரிடமாவது கேட்பான், என்பதுதான் என் அச்சம். சாவைப் பற்றி எனக்கு அச்சமில்லை; எங்கள் தேவாலயச் சபையில் பாதிப் பேரை அடக்கம் செய்து பார்த்தாயிற்று. சாவுக்கு மறுநாள் மாலை ஐந்து மணிதான் என்னை அச்சுறுத்துகிறது.

அழைப்பு மணி. சற்குணம் எழப்போகிறான், உட்கார் என்று கையால் காட்டுகிறேன். வாசலில் நனைந்த குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தலையில் துப்பட்டா, தோளில் பெரிய பை. "வணக்கம் டீச்சர். நான் ஷமீமா. மேலப்பாளையத்துல இருந்து வாரேன். பஸ் கெடைக்கல, லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கிடுங்க." செருப்பைச் சுவரோரம் சேர்த்து விடுகிறார். எனக்குப் பிடிக்கிறது. உள்ளே வந்ததும், என்னிடம் பேசாமல், நேரே சற்குணத்தின் முன்னால் போய் நிற்கிறார். "வணக்கம் அண்ணன். நல்லா இருக்கீங்களா? உங்களப் பாக்கத்தான் வந்தேன்." அண்ணன். சற்குணம் என்னைத் திரும்பிப் பார்க்கிறான். இது ஒத்திகையில் இல்லாத வரி. பிறகு அவனே சமாளித்துக்கொண்டு, எல்லாரிடமும் கேட்பதைக் கேட்கிறான்: "சாப்பிட்டாச்சா? என்ன கொழம்பு?" ஷமீமா சிரிக்கிறார். "காலையில யாரு கொழம்பு வைப்பா? நேத்து வச்ச மீன் ஆணம் கெடந்துச்சு. அதத் தொட்டுக்கிட்டு ரெண்டு தோச." "ஆணம்னா?" "எங்க வீட்டுல கொழம்ப அப்படித்தான் சொல்லுவோம்." சற்குணம் "ஆணம், ஆணம்" என்று சொல்லிப் பார்க்கிறான். மதிப்பீட்டாளர் என்ற சொல்லைத் திருப்பிக் கொடுத்தவன் இதை வாங்கி வைத்துக்கொள்கிறான். நல்ல பழந்தமிழ்ச் சொல், நிகண்டில் இருக்கிறது, நாம் கைவிட்டோம், மேலப்பாளையத்தில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது, என்று என் மனம் ஓடுகிறது, ஏன் இப்போது இதில் ஓடுகிறது, ஓடுவதற்கு வேறு எங்கும் இடமில்லாததால்தான். "சற்குணம், நீ உள்ள போய் ரேடியோ கேளுப்பா, நானும் டீச்சரும் பேசணும்" என்கிறேன். ஷமீமா மெதுவாகத் தலையசைக்கிறார். "இருக்கட்டும் டீச்சர். அவங்களப் பத்தித்தான பேசப்போறோம். அவங்க இல்லாம எப்படி? விதியிலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்மா ஏற்படுத்தியது, அம்மா இறந்த பிறகும் அப்படியே நிற்பது: சற்குணத்தின் காதில் விழும்படி, அவனுக்கு எது முடியாது என்று யாரும் சொல்லக்கூடாது. விருந்தாளி சொன்னால் அம்மா காப்பியைப் பாதியில் நிறுத்திவிடுவாள். முடியாதவற்றை நாங்கள் பேசாமல் செய்துவிடுவோம். பொத்தான் போட்டுவிடுவோம், அவன் போட்டதாகச் சொல்வோம். மீன் முள்ளை எடுத்துவிடுவோம், முள்ளில்லாத மீன் என்போம். அவன் முன்னால் அமர்ந்து நான் எப்படிச் சொல்வது? அவன் போகட்டும், பிறகு ஒன்றுவிடாமல் சொல்லலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பட்டியலே மனத்தில் இருந்தது. ஷமீமா பையிலிருந்து ஒரு கைக்கணினியை எடுத்துத் துடைத்து மடியில் வைக்கிறார். ஒவ்வொரு செயலுக்கும் மூன்று கட்டங்கள்: தாமே செய்வார், சிறிது உதவி வேண்டும், முழு உதவி வேண்டும். திரை என் நாற்காலியிலிருந்து தெரிகிறது. பெயர், வயது, தெரு, ஊர். சற்குணம் சொல்கிறான். ஒவ்வொரு விடைக்கும் பிறகு என் முகத்தைப் பார்க்கிறான், என் முகம் மலர்கிறது, நான் மலர்த்தவில்லை, நாற்பதாண்டுப் பழக்கத்தில் அது தானே மலர்கிறது. "இன்னைக்கு என்ன கிழமை அண்ணன்?" மோவாயில் விரல். கூரை. யோசனை. "செவ்வாய்க்கிழமை." "அட! எனக்கே மறந்துபோச்சு" என்கிறார் ஷமீமா. சற்குணம் தனக்குத் தானே கைதட்டிக்கொள்கிறான். அடுத்து நான் பயிற்றுவிக்காத வினா: "சட்டை ரொம்ப நல்லாருக்கே. யாரு போட்டுவிட்டா?" சற்குணம் என்னைப் பார்க்கிறான். சரியான விடை எது என்று என் முகத்தில் தேடுகிறான். பிறகு, நெஞ்சை நிமிர்த்தி: "நானே."

நானே. ஷமீமாவின் விரல் திரையில் முதல் கட்டத்தைத் தொடுகிறது. சொல், சுகிர்தம், இப்போதே சொல் என்று என்னையே விரட்டுகிறேன், ஒரு வரிதான், இல்லைம்மா, பொத்தான் அவனுக்கு வராது. வாய் திறக்கவில்லை. திறந்தால் அவன் பொய்யன் ஆகிறான். அதுவும் ஒரு விருந்தாளியின் முன், அதுவும் அண்ணன் என்று அழைத்தவரின் முன். "குளிக்கிறது?" "நானே." மறுபடியும் முதல் கட்டம். நேற்றுக் காலை என் முழங்கையை அவன் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது, சோப்பு நுரை கண்ணில் விழுந்ததும் அவன் ஓலமிட்டது தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "ராத்திரி பாத்ரூம் போகணும்னா?" "நானே." இல்லை. இருட்டில் அவன் இறங்கமாட்டான், என்னை எழுப்புவான், சில இரவுகள் எழுப்பவும் நேரமிருக்காது, விரிப்பை நான் மாற்றுவேன், இருவரும் காலையில் அதைப் பற்றிப் பேசமாட்டோம். "சவரம்?" "நானே." அங்கே ஷமீமாவின் கண் தாடையில் ஒரு நொடி நிற்கிறது, பிறகு என் பக்கம் வருகிறது, நான் சன்னலைப் பார்க்கிறேன். சன்னலில் தண்ணீர் வழிகிறது. என்ன செய்துவிட்டேன்? அண்ணாச்சி அவனை அழுக்காய்க் காட்டச் சொன்னார். அது பொய் என்று சினந்தேன். நான் அவனைச் சலவை செய்து காட்டுகிறேன். இது மட்டும் என்ன? அவன் பொய் சொல்லவில்லை. எந்த விடைக்கு அக்கா முகம் மலருமோ அந்த விடையைச் சொல்கிறான். வேறு எந்தப் பாடத்தையும் அவனுக்கு நான் நடத்தவில்லை. ஒவ்வொரு 'நானே'வும் ஒரு படி. அந்தப் படிகள் நேரே அந்த இல்லத்தின் நீளமான அறைக்கு இறங்குகின்றன, வெயில் இருக்கும்போதே விரித்த பாய்களுக்கு. நிறுத்து. யார் நிறுத்துவது? இந்த அறையில் நிறுத்தக்கூடியவள் ஒருத்திதான் இருக்கிறாள், அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அப்ப டீச்சர்," என்கிறார் ஷமீமா. குரலில் ஏதோ காத்திருக்கிறது. "இதுல வந்திருக்கிறபடி பாத்தா, ஆள் தேவைப்படாத பிரிவுலதான் வருவாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே. சரின்னு போட்டுறலாமா?" சரி. அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தாள்களில் நான் சிவப்பு மையால் போட்டிருக்கிறேன். தவறான விடைக்கு ஒருமுறையாவது போட்டதுண்டா? "போட வேண்டாம்" என்கிறேன். என் குரல் வகுப்பறைக் குரலாக வந்துவிட்டது, சற்குணம் நிமிர்கிறான். "போட வேண்டாம்மா. அது தப்பு. தப்பு எம்மேலதான்." எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, அவன் பக்கத்து நாற்காலிக்குப் போகிறேன். அவன் கையைப் பிடிக்கிறேன். வியர்த்திருக்கிறது, பாவம், இவ்வளவு நேரமும் அசைக்காமல் வைத்திருந்திருக்கிறான். "சற்குணம், நமக்கு உதவிக்கு ஒரு ஆள் அனுப்பலாமான்னு கேக்கத்தான் இவங்க வந்திருக்காங்க. உனக்கு எது வரும், எது வராதுன்னு உள்ளபடி சொன்னாத்தான் அனுப்புவாங்க. நான் சொல்லட்டுமா? உனக்கு வருத்தமா இருக்குமா?" அவன் யோசிக்கிறான். இந்தத் தடவை விரல் மோவாய்க்குப் போகவில்லை, கண் கூரைக்குப் போகவில்லை. என் முழங்காலைப் பார்க்கிறான். "பாத்ரூம் கதையா?" என்கிறான். அதை அவன் மறந்துவிட்டான் என்றே நினைத்திருந்தேன். "ஆமா, அதுவும்தான்." "அத நான் சொல்லுதேன்," என்கிறான். "நீ சொன்னா அழுவே."

அவன் சொல்கிறான். ஷமீமாவைப் பார்த்து, கைகளை மடியிலிருந்து எடுத்துவிட்டு, அந்தக் கைகளாலேயே காட்டிக்காட்டிச் சொல்கிறான். "நான் வழுக்கி விழுந்தேன். தொப்புன்னு. அக்கா தூக்குனா. தூக்க முடியல. நான் கனம்." வயிற்றைத் தட்டிக் காட்டுகிறான். "அக்காவும் உக்காந்துட்டா. எந்திரிக்க முடியல. முட்டி. ரெண்டு பேரும் தண்ணில உக்காந்திருந்தோம். குளிரு." ஆகஸ்ட் மாதம், இன்னும் விடியவில்லை, முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது, கைபேசி படுக்கையில். நான் கத்தவில்லை, தெரு கூடிவிடும் என்று கத்தவில்லை. "அப்புறம் அண்ணாச்சி வெளிய பேப்பர் வந்தாச்சா, பேப்பர் வந்தாச்சான்னாரு. அக்கா தவழ்ந்து போனா. பிள்ளை மாதிரி. தவழ்ந்து போய்க் கதவத் தெறந்தா." ஷமீமா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. சற்குணம் மட்டும் கொஞ்சம் சிரிக்கிறான், பிறகு நிறுத்திக்கொள்கிறான். "அக்கா அழுதா. நான் அழல. சட்டை எனக்குப் போட வராது, பட்டன் சின்னது. அக்காதான் போடுவா. ராத்திரி பயம். கட்டில்ல போயிருவேன். அக்கா ஏசமாட்டா." ஒவ்வொன்றாய் அவன் எடுத்து வைக்கிறான், எங்கள் வீட்டில் அம்மா காலம் முதல் யாரும் வாய்விட்டுச் சொல்லாதவற்றை, அவனுக்கு அவை ஒரு சுமையாகவே இருக்கவில்லை, எங்களுக்குத்தான் இருந்திருக்கிறது, அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, நாங்கள் மறைப்பதையும் பார்த்துக்கொண்டு, நம் வீட்டில் இதைப் பேசுவதில்லை போலும் என்று எங்களுக்காகப் பேசாமல் இருந்திருக்கிறான். ஷமீமாவின் விரல் மேலே போய், முதல் கட்டங்களில் இட்ட குறிகளை ஒவ்வொன்றாய் நீக்குகிறது. பிறகு சற்குணம் அவரிடம் கேட்கிறான், என்ன குழம்பு என்று கேட்ட அதே குரலில்: "அக்கா செத்துப்போனா என்னைய எங்க வைப்பீங்க?"

மழை கூரைத் தகரத்தில் கேட்கிறது. நான் ஷமீமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய கையைப் பார்க்கிறேன். இத்தனை காலமாக நான் தனியாகப் படுத்துக் கண்விழித்த அச்சத்தில், அடுத்த கட்டிலில், அவனும் கண்விழித்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒரே அறையில் இரண்டு பேர் ஒரே கேள்வியோடு, ஒருவரை ஒருவர் எழுப்பிவிடக்கூடாதென்று புரளாமல் படுத்து. ஷமீமா உடனே விடை சொல்லவில்லை. அதற்காகவே அவரை நம்புகிறேன். "அண்ணன், எல்லாம் என் கையில இல்ல," என்கிறார். "நான் எழுதுவேன், மேல பாப்பாங்க. ஆனா இந்த ஏற்பாடு எதுக்கு வந்துச்சுன்னு சொல்லுதேன். உங்கள ஒரு எடத்துக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு இல்ல. ஆளு இங்க வரணும். உங்க வீடு, உங்க கட்டிலு. டீச்சர் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி. பணம் உங்க பேருக்கு ஒதுக்குறாங்க, டீச்சர் பேருக்கு இல்ல." "எம்பேருக்கா?" "ஆமா. அதனால நீங்கதான் சொல்லணும். எப்படிப்பட்ட ஆளு வேணும்?" சற்குணம் திகைத்துப்போகிறான். என்ன வேண்டும் என்று அவனை நாங்கள் கேட்டதுண்டு: தோசையா இட்லியா, நீலச் சட்டையா வெள்ளைச் சட்டையா. எந்த மனிதர் வேண்டும் என்று கேட்டதில்லை. எல்லா மனிதரும் அவனுக்கு வாய்த்தவர்களே. நெடுநேரம் யோசிக்கிறான். நான் குறுக்கிடத் துடிக்கிறேன், பொறுப்பானவர், நாணயமானவர் என்று நல்ல சொற்கள் என் நாவில் வரிசையாய் நிற்கின்றன, பல்லைக் கடித்துக்கொண்டு அவற்றை உள்ளேயே நிறுத்துகிறேன். "ஆம்பளை," என்கிறான். "சரி." "சத்தம் போடாத ஆம்பளை." "சரி." "கடைக்குக் கூட்டிட்டுப் போகணும். அக்கா மெதுவா நடக்கா." "எழுதிட்டேன். வேற?" என்னைப் பார்க்கிறான்; பார்த்துவிட்டு, ஷமீமாவின் பக்கம் சாய்ந்து, நான் கேட்கக்கூடாத இரகசியம் போல, எனக்கு நன்றாகக் கேட்கும் குரலில்: "பாடம் நடத்தக் கூடாது." ஷமீமா வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொள்கிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது, அடக்க முடியவில்லை, முழங்கால் வலிக்கும் அளவுக்குச் சிரிக்கிறேன், சற்குணம் கைதட்டுகிறான், அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிடுகிறேன், அவன் கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டி, "அப்பாடா" என்கிறான்.

அதன் பிறகு நடந்தவை இவை. ஷமீமா அனுப்பிய மதிப்பீட்டை மேலலுவலர் ஒருவர் ஒரு படி குறைத்தார். சனவரியில் வந்த ஆணையில் நாளுக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். மேல்முறையீட்டைக் கோமதிநாயகம் அண்ணாச்சி எழுதினார். அதில் சற்குணம் பாயில் கிடப்பதாக அவர் சேர்த்திருந்த வரியை நான் நீக்கினேன். அவருக்கு அதில் இன்றளவும் வருத்தம். ஏப்ரலில் காலையும் மாலையுமாக ஆறு மணி நேரம் ஒதுக்கினார்கள். சிவந்திப்பட்டியிலிருந்து பாலையா என்பவர் வருகிறார், முன்பு மருத்துவமனையில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். அவருடைய சம்பளம் ஒருமுறை இரண்டு மாதம் தாமதமானது. நேரில் போய்க் கேட்டபின் வந்தது. இரவு நேரத்துக்கு ஆள் இன்னும் ஒதுக்கவில்லை; மறுபடி கேட்டிருக்கிறோம். சூலையில் என் முழங்கால் அறுவை நடந்தது. ரத்தினம் கோயம்புத்தூரிலிருந்து வந்து இரவுகளில் வீட்டில் படுத்துக்கொண்டாள். மற்ற நேரங்களைப் பாலையா பார்த்துக்கொண்டார். மருத்துவமனையில் மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு நான் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். சற்குணம் எடுத்தான். "அக்கா, நாங்க வெளிய கெளம்பிக்கிட்டு இருக்கோம், அப்புறம் பேசு," என்று சொல்லி வைத்துவிட்டான். நான் எப்போது திரும்புவேன் என்று கேட்கவில்லை.